ஒரே தொழில், வேறு வேதனம்: ஓர் அறவியல் நோக்கு

உழைப்புக்கேற்ற ஊதியம் என்பது முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் மிகச் சில கோட்பாடுகளுள் ஒன்றாகும். இவ்வொருமைப்பாடே அக்கோட்பாட்டினைச் சற்று நின்று ஆராயத் தூண்டுகின்றது. அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியிலே பங்கீட்டு நீதி பற்றிக் கூறுமிடத்து, பங்கீடு தகுதிக்கேற்ப அமைதல் வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்படுகின்றனர், தகுதி யாது என்பதிலேயே முரண்படுகின்றனர் என்று காட்டுகின்றார். குடியாட்சியை விரும்புவோர் சுதந்திரப் பிறப்பையும், செல்வராட்சியை விரும்புவோர் செல்வத்தையும், உயர்ந்தோர் ஆட்சியை விரும்புவோர் நற்பண்பையும் தகுதியெனக் கொள்வர் என்பது அவர் தரும் விளக்கம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அம்முரண்பாடு தீர்ந்தபாடில்லை. அது புதிய தொழில்களிலே புதிய வடிவங்களைப் பெற்று வருகின்றது.

ஊதிய ஏற்றத்தாழ்வு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வெவ்வேறு தொழில்களை ஒப்பிட்டே நிகழ்வன. வைத்தியருக்கும் நகரசுத்தித் தொழிலாளிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்குக் கல்வி, பயிற்சிக் காலம், பொறுப்பு என்று காரணங்கள் அடுக்கப்படும். அவை ஏற்கத்தக்கனவோ அல்லவோ, காரணம் என்று சொல்ல ஏதோ ஒன்று உண்டு. ஆனால் ஒரே கல்வி, ஒரே பயிற்சி, ஒரே வேலை ஆகியவற்றை உடைய இருவர், வேலை பெற்ற நிறுவனம் வேறு என்ற ஒன்றினாலேயே வெவ்வேறு ஊதியம் பெறும்போது வழமையான காரணங்கள் யாவும் உதிர்ந்துவிடுகின்றன. வினா தன் இயல்பான வடிவிலே வெளிப்படுகின்றது. இதற்கு இன்று மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைவது மென்பொருட் பொறியியலாளரின் தொழிலாகும்.

ஒரே பல்கலைக்கழகத்திலே ஒரே ஆண்டில் ஒரே வகுப்புச் சித்தி பெற்று வெளியேறிய இருவரைக் கற்பனை செய்யலாம். இருவரும் கொழும்பிலே வசிக்கின்றனர். இருவரும் ஒரே கணினி மொழியில் நிரல் எழுதுகின்றனர். இருவருடைய வேலைநாளும் ஒரே அளவு நீண்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் உள்நாட்டு நிறுவனமொன்றில் மாதம் 200,000 ரூபாவும், மற்றவர் வெளிநாட்டு நிறுவனமொன்றிடமிருந்து 1,000 அமெரிக்க டொலரும் பெற்றனர் என்று கொள்வோம். அன்று ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தமையால் இருவரின் ஊதியமும் சமமே. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நாணய மாற்று வீதம் தளர்த்தப்பட்டது. மே மாதமளவில் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. இரண்டாமவரின் ஊதியம் 360,000 ரூபாவாகியது. முதலாமவரின் ஊதியம் 200,000 ரூபாவாகவே நின்றது. டொலரில் அது ஏறத்தாழ 555 ஆகச் சுருங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்ததனால், நின்ற ஊதியமும் உண்மையில் நிற்கவில்லை. இம்மாதங்களில் முதலாமவர் சோம்பியிருந்தாரல்லர். இரண்டாமவர் திறமையில் வளர்ந்துவிட்டாருமல்லர். அவர்களுடைய உழைப்பிலே யாதொரு மாற்றமும் நிகழாதிருக்க, அவ்வுழைப்பின் பயன் மட்டும் இரண்டாகப் பிளவுற்றது.

இத்தகைய வேறுபாடு ஒரு நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் உரிய விபத்தா, அன்றி ஊதியத்தின் இயல்பிலேயே அமைந்ததா என்பது அடுத்து எழும் வினாவாகும். அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலிலே ஊதியங்கள் வேறுபடுவதற்கு ஐந்து காரணங்களைத் தந்தார். தொழிலின் இனிமை அல்லது இன்னாமை, அதனைக் கற்பதற்கான எளிமையும் செலவும், வேலையின் நிலைபேறு, அத்தொழிலாளியிடம் வைக்கப்படும் நம்பிக்கை, அத்தொழிலில் வெற்றி பெறுவதற்கான வாய்ப்பு என்பன அவை. இவ்வைந்தும் தொழிலுக்குத் தொழில் உள்ள வேறுபாட்டை விளக்குவன. ஒரே தொழிலுக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாட்டுக்கு இவற்றில் இடமில்லை. போட்டியும் சுதந்திரமும் நிலவும் ஓரிடத்தில் தொழில்களின் நன்மை தீமைகள் ஒட்டுமொத்தமாகச் சமநிலையை நோக்கிச் செல்லும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பாகும்.

இவ்வெதிர்பார்ப்பு முற்றாக நிறைவேறவில்லை என்பதைப் பிற்காலப் பொருளியலாளர் கண்டனர். அலன் குறூகரும் லோறன்ஸ் சமர்சும் 1988இல் வெளியிட்ட ஆய்விலே, கல்வி முதலிய தகுதிகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும் கைத்தொழிற்றுறைகளுக்கிடையே ஊதிய வேறுபாடு எஞ்சி நிற்பதை எடுத்துக்காட்டினர். அபோட், கிறமாஸ், மார்கோலிஸ் ஆகிய மூவரும் 1999இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுத் தொழிலாளரின் விபரங்களை ஆராய்ந்து, ஊதியத்திலே ஆளுக்குரிய பகுதியையும் நிறுவனத்துக்குரிய பகுதியையும் பிரித்துக் காட்ட முயன்றனர். ஆளுக்குரிய பகுதியே பெரிதென அவர்கள் கண்டனர். எனினும் நிறுவனத்துக்குரிய பகுதி ஒன்றும் உண்டு என்பது தெளிவாயிற்று. ஒருவருடைய சம்பளச் சீட்டிலே அவருக்குச் சொந்தமல்லாத ஒரு தொகையும் அச்சிடப்பட்டிருக்கின்றது என்பதே அறவியல் நோக்கில் இதன் பொருளாகும்.

மென்பொருட்டுறையில் இத்தொகை எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராயுமிடத்துச் சில ஊற்றுக்கள் புலப்படும். முதலாவது, விற்கப்படும் பொருளின் இயல்பு. சேவை நிறுவனம் தன் பொறியியலாளரின் மணித்தியாலங்களையே வாடிக்கையாளருக்கு விற்கின்றது. பத்து மணித்தியாலம் விற்கப் பத்து மணித்தியாலம் உழைத்தாக வேண்டும். தனக்கெனப் பண்டம் உடைய நிறுவனமோ ஒருமுறை எழுதிய நிரலைப் பல்லாயிரம் தடவை விற்கின்றது. மேலதிகப் பிரதியொன்றின் செலவு ஏறக்குறையப் பூச்சியமே. ஆகவே ஒரே அளவு உழைப்பு முதலாவது இடத்தில் ஓர் அளவு வருவாயையும் இரண்டாவது இடத்தில் அதனிலும் பன்மடங்கு வருவாயையும் ஈட்டித் தரக்கூடும். இரண்டாவது, தொழில்வழங்குநரின் கொள்கை. ஹென்றி போர்ட் 1914இல் தமது மோட்டார் ஆலையிலே நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்று அறிவித்தபோது அது அன்றைய வழக்கத்தின் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஓயாது வேலையை விட்டு விலகிய தொழிலாளரை நிறுத்தி வைத்தல் அதனால் இலகுவாயிற்று. நல்லோரைத் தேடிப்பிடித்து வைத்திருக்க விரும்பும் நிறுவனங்கள் இன்றும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. மூன்றாவது, இடம். 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் ஊழியர் தொலைவிலிருந்து பணியாற்ற அனுமதிக்கப்படுவர் என்றும், வாழ்க்கைச் செலவு குறைந்த இடங்களுக்குச் செல்வோரின் ஊதியம் அதற்கேற்ப மாற்றப்படும் என்றும் அறிவித்தது. எழுதப்படும் நிரல் அதுவே, எழுதுபவரும் அவரே. மாறியது முகவரி மட்டுமே.

நான்காவது ஊற்று இவற்றிலிருந்து வேறுபட்டது. தொழிலாளரை வாங்குவோர் சிலராக இருக்குமிடத்து ஊதியம் தாழ்த்தப்படக்கூடும் என்பதை ஜோன் றொபின்சன் அம்மையார் 1933இலேயே விளக்கினார். கலிபோர்னியாவிலே அப்பிள், கூகிள், இன்ரெல், அடோபி முதலிய நிறுவனங்கள், ஒன்றன் ஊழியரை மற்றொன்று அழைத்து வேலைக்கு எடுப்பதில்லை என்று தம்முள் செய்துகொண்ட உடன்பாடுகளின் பேரில் 2010இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. பின்னர் அவ்வூழியர்கள் தொடுத்த வழக்கு 2015இல் 41.5 கோடி டொலர் இழப்பீட்டுடன் முடிவுற்றது. இந்நான்காவது ஊற்றை ஏனையவற்றோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. அவை சந்தையின் போக்கினால் விளைந்தவை; இது சந்தையை மறைவாகக் கட்டியதனால் விளைந்தது.

இனி இவ்வேறுபாடு அநீதியானதா என்பதை ஆராயலாம். இதற்கு விடை கூறுவோரை மூன்று அணியினராக வகுக்கலாம்.

முதலணியினர் உடன்படிக்கையையே நீதியின் அளவுகோலாகக் கொள்வர். றொபேட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலிலே, நீதியாகப் பெறப்பட்ட பொருள் விருப்பத்துடன் கைமாறுமாயின் அதனால் விளையும் பங்கீடும் நீதியானதே என்று வாதிட்டார். விளையாட்டு வீரனொருவனைக் காண மக்கள் தாமே விரும்பிக் கொடுத்த சில்லறைக் காசுகளால் அவன் செல்வனாகும்போது, அதில் எவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பது அவர் வினா. இதன்படி கூடுதலாகக் கொடுக்க முன்வரும் நிறுவனத்தைத் தடுப்பதே அநீதியாகும். இவ்வாதத்திலே புறக்கணிக்க முடியாத ஓர் உண்மை உண்டு. முதலாமவரின் 200,000 ரூபாவிலிருந்து ஒரு சதமேனும் இரண்டாமவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும், விருப்பம் என்பது அறிவோடு கூடியதாயிருத்தல் வேண்டும். தன் அருகில் இருப்பவர் என்ன பெறுகின்றார் என்பதை வெளியிடக் கூடாதென்று கட்டுப்படுத்தப்பட்ட ஒருவரின் சம்மதமும், தன்னை அழைக்க விரும்பிய நிறுவனங்கள் அழையாதிருக்க இரகசியமாக இணங்கியதை அறியாத ஒருவரின் சம்மதமும் குறைப்பட்ட சம்மதங்களே.

இரண்டாம் அணியினர் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பர். ஜோன் றஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைத் தொடருக்கு விவிலியத்தின் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து தலைப்பெடுத்தார். உழைப்புக்கு நிலையான ஒரே வீதத்தில் ஊதியம் கொடுத்தலே இயல்பான முறை, திறமையுள்ளவனை வேலைக்கு எடுப்பதிலேயே வேறுபாடு காட்டப்படல் வேண்டும், ஊதியத்திலன்று என்பது அவர் வாதம். 1904இல் தென்னாபிரிக்காவிலே புகையிரதப் பயணமொன்றில் அந்நூலைப் படித்த காந்தியடிகள் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். 1908இல் அதன் சாரத்தைச் 'சர்வோதயம்' என்ற பெயரிலே குஜராத்தி மொழியில் தந்தார். வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் பெறுமதி ஒன்றே என்பது அவர் அந்நூலிலிருந்து பெற்ற பாடங்களுள் ஒன்று.

இக்கொள்கை வெறும் இலட்சியமாக நின்றுவிடவில்லை. சுவீடன் நாட்டின் தொழிற்சங்கப் பொருளியலாளரான றென், மைட்னர் ஆகிய இருவரின் திட்டத்தை 1951இல் அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவை விவாதித்தது. நிறுவனம் இலாபம் ஈட்டினும் ஈட்டாவிடினும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது அதன் அடிப்படை. பின் வந்த ஆண்டுகளில் மத்திய பேச்சுவார்த்தைகள் வழியாக இக்கொள்கை பெருமளவுக்கு நடைமுறையானது. அவ்வூதியத்தைக் கொடுக்க இயலாத நிறுவனங்கள் மூடப்பட்டன. அவற்றின் தொழிலாளர் அரசின் உதவியோடு பயிற்சி பெற்று வேறிடம் சென்றனர். ஆனால் எதிர்பாராத ஒரு சிக்கல் தோன்றிற்று. பேரிலாபம் பெற்ற நிறுவனங்கள் தம் தொழிலாளருக்குக் கொடுத்திருக்கக்கூடிய கூடுதல் ஊதியத்தைக் கொடுக்க வேண்டிய தேவை நீங்கியதும், அத்தொகை உரிமையாளரிடமே தேங்கியது. இதற்குப் பரிகாரமாகவே மைட்னர் 1970களின் நடுப்பகுதியில் அவ்விலாபத்தின் ஒரு பங்கைத் தொழிலாளரின் பொது நிதியங்களுக்கு மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். பொறியியல் துறையின் தொழிலாளரும் தொழில்வழங்குநரும் 1983இல் மத்திய பேச்சுவார்த்தையிலிருந்து விலகித் தனி உடன்பாடு செய்துகொண்டனர்.

சுவீடனின் அனுபவம் இவ்வாராய்ச்சிக்கு முக்கியமான ஓர் ஒளியைத் தருகின்றது. நிறுவனத்துக்கு நிறுவனம் ஊதியம் வேறுபடுவதற்குப் பின்னணியில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் ஒரு மிகை உண்டு. ஊதியங்களைச் சமப்படுத்துவதால் அம்மிகை அழிந்துவிடுவதில்லை, அது கைமாறுகின்றது. எனவே 'அவருக்கு ஏன் கூடுதல்?' என்று ஒரு பொறியியலாளர் மற்றொருவரை நோக்கிக் கேட்கும் வினா திசை தவறியது. அவர் கூடுதலாகப் பெறாவிடின் அத்தொகை கேட்பவருக்கு வந்து சேர்ந்திருக்காது. அம்மிகை யாருக்கு உரியது என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

சமத்துவம் மட்டும் நீதியாகிவிடாது என்பதற்கு இலங்கையிலேயே மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் நிர்ணயிக்கப்படுகின்றது. நீண்ட போராட்டத்தின் பின் அது 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இலாபமீட்டும் கம்பனியாயினும் நட்டமடையும் கம்பனியாயினும் இவ்வெல்லை ஒன்றே. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடில்லாத ஊதியத்தைக் காண விரும்புவோர் மலையகத்திலே காணலாம். ஆனால் அங்குள்ள கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் சமத்துவம் கிடைத்துவிட்டதென்று சொல்லத் துணிவார் எவருமிலர். மென்பொருட் பொறியியலாளருக்கு ஊதியம் வேறுபடுவதற்கு ஒரு காரணம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போகக்கூடியவர் என்பதாகும். தோட்டத்துக் குடியிருப்பிலே பிறந்து அங்கேயே வீடும் வேலையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவருக்கு அவ்வாற்றல் மிகவும் குறைவு. வேறுபாடு சில சமயம் சுதந்திரத்தின் அடையாளமாகவும், ஒருமை சில சமயம் வழியின்மையின் அடையாளமாகவும் இருத்தல் கூடும்.

மூன்றாம் அணியினர் தகுதி என்ற கருத்தையே வினாவுக்கு உட்படுத்துவர். ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலிலே, பிறப்போடு வரும் திறமைகளும் பிறக்கும் குடும்பச் சூழலும் ஒருவர் உழைத்துப் பெற்றவை அல்ல என்றும், அவற்றால் விளையும் ஏற்றத்தாழ்வு மிகக் கீழ்நிலையில் உள்ளோருக்கு நன்மை பயக்குமாயின் மட்டுமே நியாயமாகும் என்றும் வாதிட்டார். இவ்விதி சமுதாயத்தின் அடிப்படை அமைப்புக்கு உரியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சம்பளப் பட்டியலை அயல் நிறுவனத்தோடு ஒப்பிட்டுச் சமப்படுத்த வேண்டும் என்று அது கோரவில்லை. வரி, கல்வி, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றின் வழியாகவே அது செயற்படும். திறமையே ஒருவர் தாமே ஈட்டியதன்று எனின், தற்செயலாகச் சேர்ந்த நிறுவனத்தின் மிகை எவ்வாறு அவருடைய தகுதியாகும்?

இதனோடு கார்ல் மார்க்ஸ் 1875இல் கோதா வேலைத்திட்டம் பற்றி எழுதிய விமர்சனத்தையும் இணைத்து நோக்குதல் பயனுடையது. உழைப்பின் பயன் குறைவின்றி உழைப்பாளிக்கே உரியது என்ற முழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பாடசாலைகள், சுகாதாரம், உழைக்க இயலாதோரின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு வேண்டிய பகுதி முன்னரே கழிக்கப்படல் வேண்டும் என்றார். றோல்சும் மார்க்சும் வேறு வேறு வழிகளிலே வந்து இவ்விடத்தில் ஏறத்தாழச் சந்திக்கின்றனர். மிகையின் பங்காளிகள் உரிமையாளரும் ஊழியரும் ஆகிய இருவர் மட்டுமல்லர். சமுதாயமும் ஒரு பங்காளி.

இலங்கையிலே இம்மூன்றாம் பங்காளியின் உரிமை குறிப்பாக வலுவுடையது. மேலே கூறப்பட்ட இருவரும் 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பிள்ளைகள். முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் வரை அவர்களுடைய கல்விக்குச் செலவிட்ட பொதுப்பணத்தில், வரி என்ற பெயரைக் கூட அறியாமல் சீனியும் பருப்பும் வாங்கியவர்களின் காசும் கலந்துள்ளது. இருவரும் ஒரே அளவு கடன்பட்டவர்கள். கூடுதலாகப் பெறுபவர் திருப்பிக் கொடுக்கக் கூடுதலாக இயன்றவர். ஆனால் நடைமுறை எப்போதும் இவ்வழி செல்வதில்லை. 2023 ஜனவரி முதல் உள்நாட்டுச் சம்பளம் பெறுவோரின் வருமான வரி உச்ச வீதம் 36 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி அந்நியச் செலாவணியாக ஈட்டப்படும் வருமானம் நெடுங்காலம் வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு உச்ச வீதம் 15 சதவீதமென விதிக்கப்பட்டது. டொலர் வேண்டி நிற்கும் நாட்டிலே டொலரைக் கொணர்வோரை ஊக்குவித்தல் அரசின் கடமை என்ற நியாயம் இதற்குண்டு; அந்நியாயம் இலேசானதன்று. எனினும் ஒரே வருமானத்தை உடைய இருவரில், எந்த நாணயத்தில் வந்தது என்பதைக் கொண்டு ஒருவர் கூடுதலாகவும் மற்றவர் குறைவாகவும் கொடுக்கும் நிலை, முன்னரே தற்செயலால் விளைந்த வேறுபாட்டை அரசே மேலும் அகலமாக்குதல் ஆகாதா என்ற வினாவை ஒதுக்கிவிட முடியாது.

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். ஒரே தொழிலுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு ஊதியம் கொடுத்தல் தன்னளவில் களவாகாது. அது இரகசிய உடன்பாட்டால் விளையும்போதும், பால் காரணமாக விளையும்போதும், அறியாமையைப் பயன்படுத்தி விளையும்போதும் அநீதியாகின்றது. சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. ஆனால் அது ஆண் பெண் வேறுபாட்டையே நோக்குவது. நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாட்டைச் சட்டத்தால் ஒழித்தல் இயலாது. ஒழித்தாலும் மிகை உரிமையாளரிடமே சேரும். இயலுவது, அதனை வெளிச்சத்துக்குக் கொணர்தல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும் கலிபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரங்களிலே ஊதிய எல்லையை வெளியிடுதல் கட்டாயமாக்கப்பட்டமை இவ்வழியிலான ஒரு முயற்சியாகும். விலையை அறியாமல் பொருள் வாங்க எவரும் சம்மதிப்பதில்லை. தன் வாழ்நாளின் மணித்தியாலங்களை விற்கும் ஒருவர் மட்டும் விலையறியாது விற்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவற்றினும் ஆழமான ஒரு முடிவும் உண்டு. அது சட்டத்தால் நிறைவேற்றக்கூடியதன்று, மனத்தைச் சார்ந்தது. ஊதியத்தை மனிதனின் அளவாகக் கொள்ளும் வழக்கம் இச்சமுதாயத்திலே வேரூன்றியுள்ளது. திருமணப் பேச்சிலும் ஊர்ச் சபையிலும் பழைய மாணவர் ஒன்றுகூடலிலும் முதலில் விசாரிக்கப்படுவது அதுவே. கூடுதலாகப் பெறுபவர் மெல்ல மெல்லத் தாம் அத்தகுதி உடையவர் என்று நம்பத் தொடங்குகின்றார். குறைவாகப் பெறுபவர் தம்மிடம் ஏதோ குறை உண்டென்று உள்ளூர வருந்துகின்றார். முன்னவரின் நம்பிக்கை பொய். பின்னவரின் வருத்தமும் பொய். 2022இன் அம்மூன்று மாதங்களில் ஒருவர் உயரவும் மற்றவர் தாழவும் செய்தது அவர்களுடைய தகுதியன்று. அதனை உணர்ந்த முன்னவர் தமது மிகையைப் பெருமைக்குரிய பொருளாகக் கருதாமல், கணக்குக் காட்டவேண்டிய பொருளாகக் கருதுவார். அதனை உணர்ந்த பின்னவர் நண்பனைப் பகைக்காமல், நியாயமான பங்கைக் கேட்கவேண்டிய இடத்திலே தலைநிமிர்ந்து கேட்பார். இவ்விருவரும் மீண்டும் ஒரே மேசையிலே அமர்ந்து, தத்தம் ஊதியத்தை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடிய நாள் வருமாயின், நீதியின் பாதியேனும் அன்று நிறைவேறியதாகக் கொள்ளலாம். எஞ்சிய பாதி, அவர்களுடைய மேசையில் வைக்கப்பட்ட தேநீரின் கொழுந்தைப் பறித்தவரின் கணக்கும் அதே மேசையிலே பேசப்படும் நாளிலேயே நிறைவேறும்.